தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை விமானப் பராமரிப்பு உரிமம் பெற முடியுமா?

அக்கா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த உங்கள் மகனுக்கு விமானப் பராமரிப்பில் ஆசை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இன்று பி1 உரிமம் வைத்திருக்கிறேன். தாராளமாகச் சரிப்பட்டு வரும்.

உரிமத்தை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வழங்குகிறது. எஞ்சினையும் விமானத்தின் உடலையும் பார்ப்பவருக்கு பி1 உரிமம். மின்னணுக் கருவிகளைப் பார்ப்பவருக்கு பி2. டெங்கிலில் உள்ள யுனிகேஎல் மியாட் என்ற விமானத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கலாம். தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 75 விழுக்காடு எடுத்தாக வேண்டும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் விமானத்தடியில் வேலை பார்த்து, செய்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதி, மூத்தவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாடமும் கையேடும் ஆங்கிலம்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எனக்கு முதல் ஆண்டில் கணக்கைவிட அதுவே பெரிய மலையாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த வேலையின் உயிர் கையெழுத்தில் இருக்கிறது. உரிமம் பெற்றவர் பெயர் எழுதிக் கையொப்பமிடாமல் விமானம் பறக்காது. போட்ட பிறகு அது என் வேலை. ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் என் வேலை.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். உளி பட்டையைத்தான் சீவ வேண்டும், கட்டையைத் தொட்டுவிடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே வெட்டுவது பெரும்பாடு. மர வரிசையில் நடக்கும்போது அப்பா ஒரு முண்டைத் தடவிப் பார்த்து, யார் வெட்டிய மரம் என்று சொல்லிவிடுவார். கையெழுத்து என்றால் என்ன என்பதை நான் கற்றது அங்கேதான்.

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், நடுவானில் விமானி அறையின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது; பணியாளர்கள் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கண்ணாடி முந்தைய நாள் அதிகாலையில்தான் இரவுப்பணியில் மாற்றப்பட்டிருந்தது. போட்ட 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உதிரிப்பாகப் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். அனுபவமுள்ள கை செய்த வேலை அது. அதனால்தான் நூறு முறை செய்த வேலைக்கும் நாங்கள் கையேட்டைத் திறக்கிறோம்.

எனக்கும் ஓர் இரவு வந்தது. பயிற்சியின் மூன்றாம் ஆண்டு. எங்கள் கருவித் தட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்து பார்த்தால் ஒரு பள்ளம் காலி. போல்ட்டைத் திருகும் சாக்கெட், சுண்டுவிரல் நுனியளவு, ஒன்றைக் காணவில்லை. விமானம் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வாய் உலர்ந்துபோய் மூத்தவரிடம் சொன்னேன். அவர் விமானத்தை நிறுத்திவைத்தார். இரண்டு மணி நேரம் டார்ச் விளக்கோடு ஐந்து பேர் தேடினோம். எஞ்சின் உறைக்குள், ஒரு குழாயின் முதுகில் அது கிடந்தது. மூத்தவர் திட்டவில்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதி, "கையெழுத்துப் போடு" என்றார். இன்றும் அந்த ஆளை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

இரவுப்பணி உண்டு அக்கா. சில தீபாவளிக்கு மகன் வீட்டில் இருக்கமாட்டான். அதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வீட்டு மோட்டார் சைக்கிளின் ஆங்கிலக் கையேட்டை அவன் கையில் கொடுத்து, அதில் உள்ள வரிசைப்படியே எண்ணெய் மாற்றச் சொல்லுங்கள். நான்காம் முறை மாற்றும்போதும் கையேட்டைத் திறக்கிறானா என்று பாருங்கள். திறந்தால் எனக்கு எழுதுங்கள், படிப்புக்கு விண்ணப்பிக்க நானே உதவுகிறேன்.