ஜெர்மன் சிப்பாயின் பெல்ட்டிலும் பையிலும் என்னென்ன? கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படையின் சாதாரண காலாட்படைச் சிப்பாய் கூடவே சுமந்த பொருட்கள் பற்றிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அண்ணா, 1:35 அளவில் பொம்மை வீரன் செய்கிறேன். பெல்ட்டில் எது எந்தப் பக்கம் வரும்?

முன்னால் பக்கிளுக்கு இரு புறமும் தோட்டாப் பைகள். ஒவ்வொரு பையிலும் மூன்று அறை, ஓர் அறைக்கு ஐந்து தோட்டா கொண்ட கிளிப் இரண்டு. ஆக மொத்தம் 60 தோட்டா. இடது இடுப்பில் மண்வெட்டி, அதன் உறையோடு சேர்த்துக் கட்டிய பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி). வலது பின்புறம் ரொட்டிப் பை, அதன் மேல் தண்ணீர் பாட்டில். வரி வரியான தகர உருளை ஒன்று முதுகுப் பக்கம் தொங்குமே, அது விஷவாயு முகமூடி டப்பா. மண்வெட்டியை வலது பக்கம் ஒட்டிவிடுவதுதான் மாடல்களில் அதிகம் கண்ணில் படும் தவறு. அங்கே ரொட்டிப் பைக்கு இடம் போய்விடும்.

ரொட்டிப் பையில் ரொட்டி மட்டும்தானா?

பெயர்தான் அப்படி. ஜெர்மனில் ப்ரோட்பாய்ட்டல் என்பார்கள். அன்றைய ரொட்டி, மடக்கும் கரண்டி-முள்கரண்டி, வெண்ணெய் வைக்கும் பேக்லைட் டப்பா, துப்பாக்கி துடைக்கும் டப்பா, தொப்பி, சவரச் சாமான் எல்லாம் அதற்குள்தான். தண்ணீர் பாட்டில் 0.8 லிட்டர் பிடிக்கும். அதைச் சுற்றியிருக்கும் கம்பளி உறை அழகுக்கு இல்லை: வெயிலில் நனைத்துவிட்டால் ஈரம் ஆவியாகும்போது மண்பானை போல உள்ளே குளிரும், குளிர்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் உறையாமல் தாங்கும்.

சாக்ஸ் இருந்தும் காலில் துணி சுற்றினார்களாமே, ஏன்?

சாக்ஸும் கொடுத்தார்கள். ஆனால் துணிக்கு ஒரு வசதி உண்டு. குதிகால் நைந்து ஓட்டை விழுந்தால் சாக்ஸ் வீண். துணியைத் திருப்பிப் போட்டு வேறு இடத்தைக் குதிகாலுக்குக் கொண்டுவரலாம். சீக்கிரம் காயும், தைக்கவும் வேண்டாம்.

ஏறக்குறைய 40 செ.மீ. சதுரம். ஒரு மூலை கால்விரலுக்கு முன்னால் வரும்படி துணியைத் தரையில் விரித்து, நடுவில் பாதத்தை வைக்க வேண்டும். முன் மூலையை விரல்களின் மேல் மடித்து, பக்க மூலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாதத்தின் மேல் இழுத்து இறுக்கி, கடைசியில் பின் மூலையைக் குதிகாலோடு மேலே தூக்கிப் பிடித்தபடியே பூட்ஸுக்குள் காலை விட வேண்டும். உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சுருக்கம் விழுந்தாலும் சில கிலோமீட்டரில் கொப்புளம்தான். அவசரத்தில் கையை விட்டுவிட்டுக் காலை நுழைத்தால் சுருக்கம் விழும். தவறு நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு கணத்தில்தான்.

பழைய பொருள் கடையில் ஒரு சின்னத் தகர டப்பா. உள்ளே சங்கிலியும் பிரஷும். துப்பாக்கி துடைப்பதா?

ஆமாம், 1934 மாதிரி துடைப்பான் டப்பாவாக இருக்கும். நீளம் சுமார் 13.5 செ.மீ., அகலம் 8.5. முழு செட் என்றால் சங்கிலி, இரண்டு பிரஷ், எண்ணெய்க் குப்பி, கரண்டி போன்ற ஒரு கருவி, சணல்நார் திரி. பிரஷ் ஒன்று அழுக்கெடுக்க, மற்றது எண்ணெய் பூச. மாற்றிப் பயன்படுத்தினால் எண்ணெய் பிரஷே அழுக்கைக் கொண்டுபோய் உள்ளே சேர்க்கும்.

துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டைக் கழற்றிவிட்டு, சங்கிலியைத் தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து விட்டு, குழல் வாய் வழியே இழுப்பார்கள். நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் சங்கிலி குழல் வாயின் விளிம்பை அராவும். அந்த விளிம்பு தேய்ந்தால் குறி தப்பும். திரியைக் கொஞ்சமாகத்தான் கோர்க்க வேண்டும். கூடுதலாகத் திணித்தால் 7.92 மி.மீ. குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும், முரட்டுத்தனமாக இழுத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

கையிருப்புச் சாப்பாட்டை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. சிப்பாய் சுமந்தது ‘இரும்புப் பங்கு’ என்ற அவசர உணவின் பாதி அளவு: 250 கிராம் கெட்டி பிஸ்கட், 200 கிராம் டின் இறைச்சி. அதிகாரி உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது.

எல்லாரும் பெர்விட்டின் மாத்திரை வைத்திருந்தார்களா?

இல்லை. அது மெத்தாம்ஃபெட்டமின் என்ற, தூக்கத்தை விரட்டும் ஊக்க மருந்து, மாத்திரைக்கு 3 மில்லிகிராம். 1940 பிரான்ஸ் படையெடுப்பின்போது பெருமளவில் விநியோகித்தார்கள். 1941-லேயே ஜெர்மனியின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒவ்வொருவர் பையிலும் போர் முழுக்க இருந்ததாக எழுதுவது தவறு.

கதை எழுதுகிறேன். இறந்த வீரனின் அடையாளத் தகட்டைப் பார்த்து நண்பன் பெயரைப் படிக்கிறான். சரியா?

பெயரை எடுத்துவிடுங்கள். அந்தப் போரின் தரைப்படைத் தகட்டில் பெயர் கிடையாது. முட்டை வடிவ துத்தநாகத் தகடு, அல்லது அலுமினியம். நடுவில் நீளத் துளைகள், மேல் பாதியிலும் கீழ் பாதியிலும் ஒரே எழுத்து: படைப்பிரிவின் சுருக்கம், பட்டியல் எண், பெரும்பாலும் ரத்த வகையும். மேலே கயிறு கோர்க்க இரண்டு துளை, கீழே ஒன்று. இறந்தால் கீழ்ப் பாதியை ஒடித்து எடுப்பார்கள். மேல் பாதி உடலோடு இருக்கும், பின்னால் தோண்டி எடுக்கும்போது யார் என்று தெரிய வேண்டுமே.

இன்னொன்று: அதிலுள்ள பிரிவு, தகடு வழங்கிய பிரிவு, அநேகமாகப் பயிற்சிப் பிரிவு. அவன் எந்தப் பிரிவில் சண்டையிட்டு இறந்தான் என்று அது சொல்லாது. உங்கள் காட்சிக்குப் பெயர் வேண்டுமென்றால், மார்புப் பையிலிருந்து சம்பளப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதில் பெயர் இருக்கும், உடுப்பு வாங்கிய கணக்கும் இருக்கும்.

மண்ணிலிருந்து எடுத்தது என்று முழுத் தகடு ஒன்று ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கலாமா? எப்படிச் சுத்தம் செய்வது?

தயவுசெய்து வாங்காதீர்கள். ஒடிக்காத தகடு மண்ணிலிருந்து வந்தால், இன்னும் பதிவாகாத ஒரு மரணத்தின் ஒரே சாட்சியாக அது இருக்கலாம். எலும்பு கிடந்த இடத்திலிருந்து தகடு பிரிந்துவிட்டால், அந்த எலும்புக்கு இனி பெயரே கிடைக்காது. அந்த எண்களுக்கான பட்டியல்கள் பெர்லினில் இருக்கின்றன. 1939-ல் தொடங்கிய, வீரர்களின் கதி பற்றிய தகவல் அலுவலகம் அவற்றைச் சேர்த்து வைத்தது; 2019 முதல் அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பகுதி.

ஏற்கெனவே கையில் இருந்தால் வினிகர், எலுமிச்சை, உப்புத்தாள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். துத்தநாகத்தை அமிலம் தின்னும், எழுத்துதான் முதலில் போகும். காய்ச்சி வடித்த தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து இரு பாதிகளையும் படமெடுத்து, எங்கே கிடைத்தது என்ற விவரத்தோடு அந்தக் காப்பகத்துக்கோ ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கமான ஃபோல்க்ஸ்புண்டுக்கோ எழுதுங்கள்.