ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் வரும்போது வெப்ப முள் நடுவில் நிற்கிறது. சிம்மக்கல், யானைக்கல் நெரிசலில் சிக்கினால் பத்தே நிமிடத்தில் மேலே ஏறிவிடுகிறது. மாதத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு ஏறாது என்கிறார் மெக்கானிக். மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டும். கழற்றிவிடலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: கழற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காரில் இரண்டு கோளாறுகள் தனித்தனியாக இருக்கின்றன. நெரிசலில் சூடு ஏறுவது ஒன்று, தண்ணீர் குறைவது இன்னொன்று. தெர்மோஸ்டாட் இரண்டுக்கும் காரணமாகத் தெரியவில்லை. அது மூடியபடி சிக்கியிருந்தால் நான்குவழிச் சாலையிலும் முள் ஏறியிருக்கும்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால் என்ஜின் நெடுநேரம் குளிராகவே ஓடும். குளிர் என்ஜினுக்குக் கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் ஈரம் சேரும், செக் என்ஜின் விளக்கும் எரியலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் சூடான பிறகு பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப என்ஜினுக்குள் வந்துவிடும். மலை ஏற்றத்தில் சூடு முன்பைவிடக் கூடத்தான் செய்யும். சந்தேகம் தீர வேண்டுமானால், கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறந்தால் நல்லது. திறக்கவில்லையென்றால் புதிது போடுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

இனி நெரிசல் சூடு. 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். யானைக்கல்லில் நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழும். ஆக, ஓடும்போது சரி, நின்றால் சூடு என்றால் முதல் சந்தேகம் விசிறியின் மேல்தான்.

சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். சில நொடிகளில் விசிறி சுழல வேண்டும். பிறகு ஏசியை அணைத்துவிட்டு ஐடிலில் விடுங்கள். தண்ணீர் 95 முதல் 100 டிகிரியைத் தொடும்போது விசிறி தானாக ஓடி, சற்று நேரத்தில் நிற்க வேண்டும். ஏசிக்கு மட்டும் ஓடி, சூட்டுக்கு ஓடவில்லையென்றால் வெப்ப சென்சாரையோ அதன் வயரையோ பாருங்கள். இரண்டுக்கும் ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சுழன்றால் மட்டும் போதாது, இழுவையும் இருக்க வேண்டும். ஒரு தாளைக் கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர் மேல் வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் காற்று போதவில்லை. ஒன்று மறக்காதீர்கள்: என்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் விசிறி திடீரென்று சுழலும். துண்டு, துப்பட்டா, விரல் எதுவும் அருகில் போகக் கூடாது.

விசிறி நன்றாக இருந்தும் இழுவை குறைந்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட இடைவெளியைப் பாருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுவில் செம்மண் தூசியும் பூச்சியும் சருகும் மெத்தை போல அடைந்திருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டக் குழாய் அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் வந்த வழியே வெளியேறும். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடிக்கவே கூடாது, மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி வழியை நிரந்தரமாக அடைத்துவிடும். முன்பக்கம் எப்போதாவது இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டியா? அப்படியானால் விசிறியைச் சுற்றிய கூடும், ரேடியேட்டர் ஓரத்துப் பிளாஸ்டிக் தடுப்புகளும் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அவை இல்லாமல் போனால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது, எனக்கு அதிகக் கவலை தருவது: மாதம் அரை லிட்டர். இது மூடிய அமைப்பு. ஒரு வருடத்தில் ரிசர்வ் பாட்டிலில் விரலளவு குறைந்தால் இயல்பு. அரை லிட்டர் என்றால் கசிவு, சந்தேகமே இல்லை. தண்ணீர் மிகவும் குறையும்போது சென்சாரின் நுனி தண்ணீருக்குள் இல்லாமல் ஆவிக்குள் நின்றுவிடும். அப்போது முள் நடுவிலேயே இருக்கும், உள்ளே என்ஜினின் மேற்பகுதியான ஹெட் வெந்துகொண்டிருக்கும். முள்ளை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்களின் என்ஜின் இப்படித்தான் போகிறது. காரின் கணினியோடு பேசும் ஓபிடி சாக்கெட் உங்கள் காரில் இருக்கும். புளூடூத் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, தண்ணீர் வெப்பநிலையைப் போனில் எண்ணாகவே பார்க்கலாம். முள் 80க்கும் 105க்கும் ஒரே இடத்தில் நிற்கும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். எண் அப்படி மறைக்காது.

கசிவைத் தேட, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார். பதினைந்து நிமிடம் பம்பின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை ஆகியவற்றில் காய்ந்த வெள்ளை அல்லது நிறக் கறையைத் தேடுங்கள். டேஷ்போர்டின் அடியில், முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக இருந்து இனிப்பு வாடை அடித்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர். வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட்டின் அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பக்கம் திரும்ப வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுவது, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை ஆகியவை அதன் அடையாளங்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. என்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கசிவை அடைக்க மஞ்சள்தூள் போடுவது, கடையில் விற்கும் அடைப்பான் பொடி போடுவது இரண்டுமே வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப் போகாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

இப்போது போர் தண்ணீர். மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பது வெந்நீர் போடும் ஹீட்டர் காயிலைப் பார்த்தாலே தெரியும். அதில் ஏறும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, என்ஜினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கே படியும். அதாவது ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி. படிவு சூட்டைக் கடத்தாது. ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் சாதாரணமாக இருக்கும், வால்வுப் பக்கத்து உலோகம் மட்டும் பழுக்கும். தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகள் போடும். உங்கள் கசிவுக்கே இந்தத் தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம். குழாயில் வரும் வைகைத் தண்ணீர் பரவாயில்லையா என்று பலர் கேட்கிறார்கள். அதிலும் உப்பும் குளோரினும் உண்டு. ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, ஆனால் காயிலின் தூசியும் உலோகத் துகளும் சேர்ந்து வரும். பேட்டரிக்கு ஊற்றும், உப்பு நீக்கிய டிஎம் வாட்டர் கேன் எங்கும் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றலாம். காய்ந்த ரேடியேட்டரோடு ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஊர் வந்ததும் கழுவிவிட வேண்டும்.

‘நம்ம ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?’ என்ற கேள்வியும் நியாயமானதே. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன், அது உண்மை. ஆனால் துரு தடுக்கும் சரக்கு கூலன்ட்டில்தான் இருக்கிறது. கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும், பம்பின் சீலைக் காப்பதும் அதுதான். கலவை எவ்வளவு என்பதைக் காரின் கையேடு சொல்லும்: சில நிறுவனங்கள் 30 சதவீதம், சில 50. முப்பதுக்குக் கீழே போனால் துரு தடுக்கும் சரக்கு போதாது. எழுபதுக்கு மேல் போனால் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சாயம் மட்டுமே. கையேட்டில் சொன்ன வகையா என்று கேனின் பின்பக்கம் படித்து வாங்குங்கள். இரண்டு வகைகளைக் கலந்தால் சில நேரம் கொழகொழவென்று திரண்டுவிடும்.

மாற்றும் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. உங்கள் காரின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று வையுங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் 2.8 லிட்டர்தான் இறங்கும், மிச்சம் 1.2 லிட்டர் என்ஜினுக்குள் நிற்கும். ஆறிய என்ஜினில் பழையதை வடித்து, டிஎம் வாட்டர் நிரப்பி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, விசிறி ஒரு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். முழுதாக ஆறியதும் வடியுங்கள். தெளிந்து வரும் வரை மூன்று, நான்கு முறை இதே வேலை. கடைசியில் உள்ளே 1.2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. இப்போது தயார்கலவைக் கேனை ஊற்றினால் 50 சதவீதக் கலவை 35 ஆகிவிடும். அதனால் அடர் கூலன்ட்டாக வாங்கி, முதலில் 2 லிட்டர் ஊற்றி, பிறகு டிஎம் வாட்டரால் நிரப்புங்கள். அப்போதுதான் பாதிக்குப் பாதி வரும். வடித்த பழையதைச் சாக்கடையிலோ தொழுவத்தின் பக்கத்திலோ கொட்டாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் போய் இறந்துவிடும்.

நிரப்பும்போது காற்று அடைத்துக்கொள்வதும் உண்டு. வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். மூடியை மூடி, விசிறி இரண்டு முறை ஓடி நிற்க விட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் பாட்டிலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கிறதா பாருங்கள். இத்தனை நாள் படிந்த சுண்ணாம்பு தண்ணீரில் மட்டும் போகாது. அலுமினியத்துக்கு ஏற்ற ஃபிளஷ் திரவம்தான் வேண்டும். பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் போடும் காரம் இதைத் தின்றுவிடும்.

கொடைக்கானலுக்கு முன் மூடியையும் புதிதாக மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான். அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்த மூடி இருந்தால் மதுரையில் 100 டிகிரியில் கொதிக்கும். 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதிக்கும். விசிறி ஓட வேண்டிய சூட்டுக்கும் கீழே அது. என்ஜின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் மூடியின் உள்வால்வு சிக்கியிருக்கிறது என்று பொருள்.

வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பெரிய கியரில் இழுத்து ஏற்றாதீர்கள். இரண்டாவது, மூன்றாவதில் 2,500 சுற்றுக்கு மேல் வைத்து ஏறினால் பம்பும் வேகமாகச் சுழலும். போனில் தெரியும் வெப்பநிலை எண் 105ஐத் தாண்டினால் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறங்கள். வேர்க்கும், ஆனால் அதுவே இன்னொரு சின்ன ரேடியேட்டர். டம் டம் பாறை போல அகலமான இடத்தில் ஒதுங்கி, விசிறி ஓடினால் ஐடிலில் விடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மூடியைத் தொடக் கூடாது. திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சுட்ட என்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. அலுமினிய ஹெட் 0.05 மி.மீ. வளைந்தாலே பல என்ஜின்களில் கேஸ்கெட் பிடிக்காது.

விசிறியும் கசிவும் சரியான பிறகு, பயணத்துக்குப் பத்து நாள் முன்பே வேலையை முடித்து, ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். தினமும் காலையில் பாருங்கள். பத்தாம் நாளும் அதே கோட்டில் நின்றால் கிளம்பலாம். இறங்கியிருந்தால் அந்தக் காரில் மலை ஏற வேண்டாம். நீலத் திரவச் சோதனைக்கு வண்டியை விடுங்கள்.