பேண்ட் பிரிந்தது, பெயர் யாருக்கு?

கேள்வி: கோவையில் ஒரே கல்லூரியில் படித்த நான்கு நண்பர்கள் 2016-ல் ராக் பேண்ட் தொடங்கினோம். மெட்டும் கிட்டாரும் நான். வரி எழுதிப் பாடுவது ஒருவன். பேஸ், டிரம்ஸ் மற்ற இருவர். கல்ச்சுரல்ஸ், கஃபே, கல்யாண ரிசப்ஷன் என்று வளர்ந்தோம். செலவு போக மிஞ்சியதை நாலாகப் பிரித்துக்கொள்வோம். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒரு பாட்டு யூடியூபில் பிய்த்துக்கொண்டு ஓடியதும் சண்டை ஆரம்பித்தது. சேனல் பாடகனின் ஜிமெயிலில் இருக்கிறது, பணமும் அவன் கணக்குக்குத்தான் போகிறது. போன வருடம் நான் வெளியேறினேன். கொஞ்ச நாளில் மற்ற இருவரும் விலகிவிட்டார்கள். இப்போது புது ஆட்களை வைத்து அதே பெயரில் வாசிக்கிறான். பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பமும் போட்டிருக்கிறான். என் மெட்டை நான் மேடையில் வாசித்ததற்கு, 'காப்புரிமை மீறல், மூன்று வருடம் சிறை' என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பொதுப் பணத்தில் வாங்கிய மிக்சர், ஸ்பீக்கர், என் சொந்த ஆம்ப் எல்லாம் அவன் வீட்டு மொட்டை மாடி அறையில் பூட்டிக் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: எழுத்தில் எதுவும் இல்லை என்று நீங்கள் சொன்னாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் நால்வரும் ஒரு தொழிலின் பங்குதாரர்கள். சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்டாலே 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உள்ளே வந்துவிடும். பத்திரம் அவசியமில்லை. ரிசப்ஷன் முடிந்த ராத்திரி நாலு பேருக்கும் சமமாக ஜிபே போன பழைய பட்டியல் இருக்கிறதல்லவா, அதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சாட்சி அது.

அடுத்து நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் படம். நள்ளிரவு தாண்டி நீங்கள் அனுப்பிய செய்தி: "முடியல மச்சி. நான் வெளிய வரேன். கணக்க முடிச்சு விடுங்க." இதில் உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு விஷயம் இருக்கிறது. 'பேண்டைக் கலைச்சிடலாம்' என்று எழுதியிருந்தால் அது பிரிவு 43-ன்படி கலைப்பு அறிவிப்பு என்று வாதாடலாம். 'நான் வெளிய வரேன்' என்பது பிரிவு 32-ன்படி நீங்கள் மட்டும் விலகியதாகவே படிக்கப்படும். விலகியவர் தனியாக, போட்டியாகக்கூட, பேண்ட் நடத்தலாம். ஆனால் பழைய பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே 'பெயர் எனக்கு வேண்டும்' என்ற ஆசையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

அதற்காகப் பாடகருக்கும் பெயர் போய்விடவில்லை. நீங்கள் போனபின் பெயர் மிச்சமிருந்த மூவருடையது. அதில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஒற்றை ஆள் கூட்டாண்மை என்று ஒன்று கிடையாது, அந்த நாளோடு அது கலைந்ததாகத்தான் கொள்ள வேண்டும். அப்படிக் கலைந்தபின், கணக்குவழக்கு முடியும்வரை யாரும் அந்தப் பெயரில் அதே தொழில் செய்யாமல் தடுக்க மற்ற பங்குதாரர்களுக்குப் பிரிவு 53 உரிமை தருகிறது. உங்களைவிட அந்த பேஸ், டிரம்ஸ் நண்பர்களின் கை இதில் ஓங்கியிருக்கிறது. அவர்களோடு உறவு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

இங்கிலாந்தில் சாக்ஸன் என்ற ஹெவி மெட்டல் பேண்டுக்கும் இதே தகராறு வந்தது. விலகிய இருவர் பெயரைத் தங்கள் பேரில் பதிவு செய்துகொண்டார்கள். 2003-ல் லண்டன் உயர் நீதிமன்றம், அந்தப் பெயரும் மதிப்பும் பழைய கூட்டாண்மையின் சொத்து, தனித்தனி உறுப்பினர் யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். ஆனால் கவனம்: தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தவர் தனக்கென்று புதிதாக ஒரு மதிப்பைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பாடகர் பக்கம் கனக்கும்.

டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டதாலேயே பதிவாகிவிடாது. டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு அல்லது சேவை வகைக்கு, கட்டணம் 2,700 ரூபாய். கேளிக்கைச் சேவை 41-ஆம் வகுப்பில் வரும். ஜர்னல் திங்கள்தோறும் வருகிறது. அந்த 4 மாதத்தை நீட்டிக்க முடியாது, அதனால் விண்ணப்ப எண்ணைத் தேடிப் பிடித்துக் கண்ணில் வைத்திருங்கள். எதிர்ப்பில் நீங்களும் அந்த பேஸ், டிரம்ஸ் நண்பர்களும் கையெழுத்திட்டால் கனம் கூடும்.

இனி பாட்டு. நோட்டீஸில் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறார்கள். அது கண்டுபிடிப்புக்கு உரியது. பாட்டுக்குப் பதிப்புரிமை, 1957-ஆம் வருடச் சட்டம். (சக வக்கீல்களே இப்படி எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?) மெட்டு போட்டவர் நீங்கள், ஆகவே இசையின் உரிமை உங்களுடையது. கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காமல் அது யாருக்கும் மாறாது. பிரிவு 19 இதில் கறார். வரிகள் பாடகருடையவை. நீங்கள் கிட்டாரில் மெட்டை மட்டும் வாசித்தால் அவர் வாயைத் திறக்க முடியாது. அவர் வரிகளைப் பாடினீர்கள் என்றால் திறக்கலாம். அவர் உங்கள் மெட்டில் பாடும் ஒவ்வொரு மேடைக்கும் இதே சட்டம் திரும்பி அடிக்கும். யூடியூபில் இருக்கும் ஒலிப்பதிவு இன்னொரு தனி உரிமை. ஸ்டூடியோ பில் பொதுப் பணத்தில் கட்டப்பட்டிருந்தால் அதில் நால்வருக்கும் பங்கு கேட்கலாம்.

மெட்டு உங்களுடையது என்று எப்படிக் காட்டுவது? முனகிப் பதிவு செய்த வாய்ஸ் நோட், அதன் தேதி. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபைல். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனையே மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சாட்சிக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன் சான்றிதழ் வேண்டியிருக்கும்.

நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம், அது கோர்ட் உத்தரவு அல்ல. மூன்று வருடம் என்பது சட்டத்தில் உள்ள உச்சபட்சத் தண்டனை. உங்கள் சொந்த மெட்டுக்கு அது பொருந்தாது. பதில் மட்டும் கண்டிப்பாக வக்கீல் மூலம் போக வேண்டும், ஸ்டேட்டஸ் வழியாக வேண்டாம். அடிப்படையில்லாத மிரட்டலை நிறுத்தக் கோரி நீங்களே வழக்குப் போடவும் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 60 வழிவிடுகிறது.

பணத்துக்கு வருகிறேன். பதிவு செய்யாத கூட்டாண்மை வழக்குப் போட முடியாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் கலைந்த கூட்டாண்மையின் கணக்கைக் கேட்க அந்தத் தடை கிடையாது. 3 வருடக் காலவரம்பு உண்டு. விலகியபின் உங்கள் பங்குச் சொத்தை வைத்துப் பாடகர் சம்பாதித்திருந்தால், அந்த லாபத்தில் உரிய பங்கையோ, பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எது லாபமோ அதைக் கேட்கலாம்.

மொட்டை மாடிப் பூட்டில் கைவைக்காதீர்கள். கைவைத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஸ்டேஷனில் நீங்கள்தான் எதிராளி. ஆம்ப் பில் உங்கள் பெயரில் இருந்தால் பதில் நோட்டீஸிலேயே தனியாகக் கேளுங்கள். மிக்சர், ஸ்பீக்கர் கணக்கோடு சேரும்.

அவசரத் தடை கேட்காவிட்டால், 3 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய வணிக வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் பேசியாக வேண்டும். அந்த மேஜையில் பாதிப் பிரச்சினை முடிய வாய்ப்பிருக்கிறது. அவருக்கு உங்கள் மெட்டு வேண்டும், உங்களுக்கு அவர் வரி வேண்டும். அதற்கு முன் டிரம்மருக்கு ஒரு போன் போடுங்கள்.