“நாலு ஓவருக்கு மேல் தரமாட்டேன் என்கிறார் கோச்!”

மேடம், வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. வலது கை வேகப்பந்து வீச்சாளன். பும்ரா என்றால் உயிர். அவன் ஓடி வந்து பந்து போடுவதைப் பார்க்கிறவர்கள், “இந்தப் பையன் எங்கேயோ போவான்” என்று சொல்லாமல் போனதில்லை. பெற்றவன் பெருமைக்குச் சொல்லவில்லை, கிரிக்கெட் ஆடியவர்களே சொல்கிறார்கள்.

ஓவர்டைம் பார்த்துத்தான் அகாடமிக்கு ஃபீஸ் கட்டுகிறேன். செவ்வாய், வியாழன், சனி நெட்ஸ். ஞாயிறு மேட்ச். ஆனால் அங்குள்ள கோச் என் மகனுக்கு நெட்ஸில் நாலு ஓவர்தான் தருகிறார். 24 பந்து போட்டதும் “போதும், ஃபீல்டிங்குக்குப் போ” என்று அனுப்பிவிடுகிறார். அதே நெட்ஸில் இன்னொரு பையனுக்கு ஏழு ஓவர். அந்தப் பையனுக்கு அடுத்த மாதம் 16 ஆகப்போகிறது. அவன் அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. அகாடமிக்கு பௌலிங் மெஷின் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

போன மேட்சில் என் மகன் நாலு ஓவரில் இரண்டு விக்கெட் எடுத்தான். உடனே நிறுத்திவிட்டார். கடைசி ஓவர்களுக்காவது கூப்பிடுவார் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை. தோற்றார்கள். பவுண்டரி கோட்டருகே நின்று “என் பையனுக்கு பால் குடுங்க சார்” என்று சத்தமாகவே கேட்டேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், “ஆட்டத்தின்போது பெற்றோர் யாரும் வீரர்களிடமோ பயிற்சியாளரிடமோ பேசக்கூடாது” என்று போடுகிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தனியாகக் கேட்டால், “வளர்ற பையன் சார், விடுங்க” என்று ஒரே வரி. வளர்கிற பையனுக்குத்தானே வாய்ப்பு வேண்டும்? நாலு ஓவரில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

அவர் தராததை நானே தருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, வேலைக்குப் போகும் முன், பக்கத்துப் பள்ளி மைதானத்தின் சிமென்ட் பிட்சில் பத்து ஓவர் நிறுத்தாமல் போட வைக்கிறேன். இதைக் கோச்சிடம் சொல்லக்கூடாது என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் அதையே சாக்காக வைத்து ஒதுக்கிவிடுவார்.

அடுத்த மாதம் மாவட்ட அண்டர் 16 செலக்‌ஷன். இந்த நேரம் பார்த்து இவனுக்கும் சுணக்கம் வந்துவிட்டது. “நான் கீப்பிங் ட்ரை பண்ணட்டுமாப்பா?” என்கிறான். கோச்தான் மனசைக் கெடுத்திருக்க வேண்டும். (நடுவில் கொஞ்ச நாளாக இடுப்புக்கு மேல் இடது பக்கம் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் சொல்லாதே என்றானாம். அவள் தைலம் தேய்த்து விடுகிறாள். இந்த ஒரு வருஷத்தில் பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது, வளர்கிற வயசு வலிதானே. இப்போது கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறான், அவ்வளவுதான்.) எங்களுக்கு சிபாரிசு இல்லை, பணம் இல்லை. திறமையை மட்டும் நம்பி வந்தவர்களை இப்படித்தான் நடத்துவார்களா?

அகாடமியை இப்போதே மாற்றலாமா? மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாமா? மகனுக்குப் பழைய வேகத்தையும் தன்னம்பிக்கையையும் எப்படி மீட்பது?

நாலு ஓவர் மேடம். வெறும் நாலு ஓவர்.

- ஒரு தந்தை, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். முழுக் கடிதத்திலும் எனக்குக் கவலை தந்தவை அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தச் சில வரிகள்தான். இடது பக்கம் வலி. அப்பாவிடம் சொல்லாதே. தரையில் படுக்கிறான்.

முதலில் வலி. உங்கள் மகன் நாளைக் காலை பந்து வீசக்கூடாது. செலக்‌ஷன் வரைக்கும்கூட அல்ல, மருத்துவர் சொல்லும்வரை. வலது கையால் வேகமாகப் பந்து வீசும்போது இடது கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, கூடவே திரும்பவும் செய்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்கி மேலே ஏறுகிறது. அது சென்று குவியும் இடம் கீழ் முதுகெலும்பின் இடது பின்பக்கம். அங்கே ‘பார்ஸ்’ என்று ஒரு மெல்லிய எலும்புப் பகுதி இருக்கிறது. 14 வயதில் அது இன்னும் முழுசாக இறுகியிருக்காது, அதுவும் ஒரே வருஷத்தில் பேன்ட் குட்டையாகும் அளவுக்கு உயரம் கூடிய பையனுக்கு. போதிய ஓய்வில்லாமல் மறுபடி மறுபடி அடி வாங்கினால் முதலில் எலும்புக்குள் வீக்கம் வரும், அப்புறம் மயிரிழை போல விரிசல் விழும். வலது கை வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இடது பக்கம் வலிப்பது பல நேரம் இதனால்தான்.

ஸ்கேன் பார்க்காமல் விரிசல் என்று நான் சொல்ல மாட்டேன், வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வயதில், இந்தப் பக்கத்தில், வேகப்பந்து வீசும் பையனுக்கு வலி வந்தால், எலும்பு என்று எடுத்துக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும். எலும்பு மருத்துவரிடம், முடிந்தால் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவரிடம் போங்கள். “முதுகு வலி” என்று மட்டும் சொல்லாதீர்கள். 14 வயது, வலது கை வேகப்பந்து, இடது பக்க வலி, பின்னால் வளையும்போது கூடுகிறதா இல்லையா, வாரத்துக்கு எத்தனை ஓவர், இவ்வளவும் சொல்லுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். அதை நம்பித் திரும்பி வந்துவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். வலி மாத்திரை கொடுத்து செலக்‌ஷனுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். காலில் மரத்துப்போதல், பலமின்மை, சிறுநீர் போவதில் சிரமம், காய்ச்சலோடு வலி என்று ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனை.

அடுத்து நாலு ஓவர். நீங்கள் எழுதியதையே கூட்டிப் பார்த்தேன். காலையில் ஐந்து நாள், பத்துப் பத்து ஓவர், அது 50. நெட்ஸில் மூன்று நாள், நாலு நாலு, அது 12. ஞாயிறு மேட்சில் நாலு. மொத்தம் 66 ஓவர், ஏறக்குறைய 400 பந்து. அதில் பெரும்பகுதி சிமென்டில். ஏழு நாளில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வளரும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. 15 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து வீசும் சுற்றுக்கு, ஆறு ஓவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக்கூடாது. ஏழு நாளில் நாலு நாளுக்கு மேல் கூடாது. நெட்ஸில் போடுவதும் உடம்புக்குப் பந்துதான்.

இப்போது உங்கள் கோச்சின் அட்டவணையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. வாரத்தில் நாலே நாள், தொடர்ச்சியாக வருவது இரண்டே நாள், ஸ்பெல்லுக்கு நாலு ஓவர். வளரும் பையன் என்பதால் வரம்புக்கும் கொஞ்சம் கீழேயே நிறுத்தியிருக்கிறார். அந்த இன்னொரு பையனுக்கு ஏழு ஓவர் என்றீர்களே, 16 வயதுக்கு உட்பட்டவருக்கு அதே விதியில் ஸ்பெல்லுக்கு ஏழு ஓவர்தான். சிபாரிசும் பணமும் செலக்‌ஷனில் நுழைவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நுழைவதைக் கண்டவர்கள் கோபப்படுவதும் நியாயம். ஆனால் நீங்கள் சாட்சியாகக் காட்டும் இந்த நாலும் ஏழும் பாரபட்சத்தைக் காட்டவில்லை. உங்கள் மகனின் முதுகைப் பற்றி யோசித்த ஒருவரைத்தான் காட்டுகின்றன.

அவரிடமும் தப்பு இருக்கிறது. “வளர்ற பையன் சார், விடுங்க” என்பது ஒரு தகப்பனுக்குப் போதுமான பதிலே இல்லை. ஏன் நாலு, எப்போது ஐந்தாகும், வலி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் நீங்கள் சிமென்ட் பிட்சைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் குழுவில் பொதுவாகப் போட்டு உங்களைக் கூனிக் குறுக வைத்ததும் சரியில்லை. நம் ஊர்ப் பயிற்சியாளர்களில் பலர் பெற்றோரைத் தொல்லையாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். அந்த மௌனத்தில்தான் பெற்றோர் தாங்களாக ஒரு காரணத்தை நிரப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் மௌனம் அவரிடம் மட்டும் இல்லையே. காலைப் பயிற்சியைக் கோச்சிடம் சொல்லாதே என்று நீங்கள் மகனிடம் சொன்னீர்கள். வலியை அப்பாவிடம் சொல்லாதே என்று அவன் அம்மாவிடம் சொன்னான். பெரியவர்களிடமிருந்து உண்மையை மறைப்பது கிரிக்கெட்டில் ஒரு பகுதி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் நிலையில் இருந்து பாருங்கள். வலிக்கிறது என்று கோச்சிடம் சொன்னால் காலையில் நடப்பதைச் சொல்ல வேண்டும், அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அப்பாவிடம் சொன்னால், ஓவர்டைம் பார்த்துக் கட்டிய ஃபீஸ், அடுத்த மாதச் செலக்‌ஷன், பவுண்டரியில் ஊரறியக் கேட்ட அந்தக் குரல், எல்லாம் வீணாகும். அவனுக்கு மிச்சமிருந்த ஒரே வழி கீப்பிங். யாரையும் நோகடிக்காமல் பந்து வீசுவதிலிருந்து தப்பிக்க ஒரு 14 வயதுப் பையன் கண்டுபிடித்த வழி அது. அதை நீங்கள் சுணக்கம் என்று படித்தீர்கள். (மருத்துவர் அனுமதி இல்லாமல் கீப்பிங்கும் வேண்டாம். ஓயாமல் குனிந்து நிமிர்வதும் முதுகுக்குச் சுமைதான்.)

தன்னம்பிக்கையை மீட்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவனுக்குக் குறைந்திருப்பது வேறு. பந்து போடாத நாளிலும் அப்பாவுக்கு நான் வேண்டும் என்கிற நிச்சயம் அவனிடம் இல்லை. நீங்கள் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. ஆனால் வீட்டில் அவனோடு பேசுவதெல்லாம் ஓவரும் விக்கெட்டும் கோச்சும் என்றால், ‘பந்து வீசுபவன்’ என்பதைத் தவிர வீட்டில் தனக்கு வேறு இடமில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

அவனிடம் பேசும்முன் ஒன்று கவனியுங்கள். அவன் நம்பிச் சொன்னதை மனைவி உங்களிடம் சொல்லிவிட்டார். நீங்கள் திடீரென்று போய் “ஏன்டா மறைச்ச?” என்று கேட்டால் அம்மாவிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவான். அதனால் முதலில் மனைவி சொல்லட்டும்: “வலி குறையவே இல்ல, அதனாலதான் அப்பாகிட்ட சொன்னேன்” என்று. பிறகு நீங்கள். மைதானத்தில் வேண்டாம், சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டில். “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். சொல்லாததுக்குக் கோபம் இல்ல. இனிமே காலைல நாம மைதானத்துக்குப் போகல.” இவ்வளவு போதும். ‘ஆனா’ என்று தொடங்கி செலக்‌ஷனைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தீர்களானால் அவன் காதில் அது மட்டும்தான் நிற்கும்.

ஸ்கேனில் எலும்புப் பாதிப்பு தெரிந்தால், வீக்க நிலையிலேயே கண்டுபிடித்திருந்தால் நல்லது, நன்றாக ஆறும். அப்போதும் மூன்று நாலு மாதமாவது பந்தைத் தொட விடமாட்டார்கள், பழைய வேகத்துக்குத் திரும்ப இன்னும் அதிகமாகும். அந்த மாதங்களில் பையன்கள் சோர்ந்து போவார்கள், எரிந்து விழுவார்கள். மைதானத்திலிருந்து அவனைப் பிரித்துவிடாதீர்கள். ஸ்கோர் எழுதவோ, சின்னப் பையன்களுக்கு ஃபீல்டிங் பயிற்சியில் உதவவோ ஒரு பொறுப்பு கொடுக்கும்படி கோச்சைக் கேளுங்கள். உங்கள் மகனின் நாயகன் பும்ராவே முதுகுப் பிரச்னையால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் அயர்லாந்தில் இந்தியக் கேப்டனாகத் திரும்பியவர். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011இல் முதல் டெஸ்ட் ஆடினார். முதுகு எலும்பு முறிவுகள் திரும்பத் திரும்ப வந்து, அடுத்த டெஸ்ட் ஆடியது 2017இல் ராஞ்சியில். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

திரும்பப் பந்து வீசத் தொடங்கும்போது ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, எத்தனை பந்து, வீசும்போது வலி பத்துக்கு எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. அவன் கையால் அவனே எழுத வேண்டும், நீங்கள் திருத்தக்கூடாது. மறுநாள் காலை வலி இருந்தால் முந்தின வார அளவுக்கு இறங்க வேண்டும். அந்த முடிவை அவன் எடுத்தால் நீங்களும் கோச்சும் மறுபேச்சு பேசக்கூடாது.

கோச்சைப் பார்க்கப் போங்கள், ரிப்போர்ட் கையில் வந்த பிறகு, பயிற்சி இல்லாத நேரத்தில், தனியாக. காலையில் போட்ட 50 ஓவரை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் போட்ட கணக்கு அது தெரியாமல் போட்ட கணக்கு. “ஏன் நாலு என்று எனக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்” என்பதையும் அதே உட்காரலில் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அப்போதும் அவர் ஒரே வரியில் அனுப்பினால் அகாடமி மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

புகார் மனு வேண்டாம். 14 வயதுதான், அடுத்த ஆண்டும் அவன் அண்டர் 16க்குத் தகுதியுள்ளவன். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.