ஒரே போனில் இரண்டு ஓஎஸ் வேண்டாம், செக்யூர் ஃபோல்டர் போதும்

தம்பி, ஹட்டனில் லயத்து வீட்டில் உங்கள் சாம்சங் போனை எல்லோரும் எடுக்கிறார்கள், பேங்க் ஆப்பையும் சொந்தச் சாட்டையும் மறைக்க இரண்டாவது ஓஎஸ் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். அதற்கு பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் புரோகிராமின் பூட்டை, திறக்க வேண்டும், திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். வேறு சிஸ்டம் ஏற்றினால் நாக்ஸ் ஃபியூஸ், அதாவது போனுக்குள் இருக்கும் சாம்சங்கின் பாதுகாப்பு அடையாளம், திரும்ப வராதபடி போய்விடும். பிறகு பழையபடி மாற்றினாலும் செக்யூர் ஃபோல்டர் (ஆப்களையும் ஃபைல்களையும் தனிப் பூட்டுக்குள் வைக்கும் சாம்சங் வசதி) வேலை செய்யாது, பல பேங்க் ஆப்களும் முரண்டு பிடிக்கும்.

உங்களுக்கு வேண்டியதே அந்த செக்யூர் ஃபோல்டர்தான். செட்டிங்ஸில் தேடுங்கள், விலை குறைந்த சில மாடல்களில் மட்டும் இருக்காது. தனி பின் வையுங்கள். போன் பின்னையே வைத்தால் என்ன புண்ணியம்? வீட்டில் வேறு யாருடைய விரல்ரேகையாவது போனில் பதிந்திருந்தால் ஃபோல்டருக்கு ரேகை கொடுக்கவே வேண்டாம், அவர்கள் விரலுக்கும் திறந்துகொள்ளும். ஐகனையும் மறைக்கலாம். உள்ளே இன்னொரு நம்பரில் தனி வாட்ஸ்அப் ஓடும்.

அப்புறம், பேங்க் அனுப்பும் ஓடிபி எஸ்எம்எஸ் ஃபோல்டருக்கு வெளியேதான் வரும். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரியாதபடி வைத்துவிடுங்கள்.

பின்னால் கூகுளின் பிக்சல் போன் வாங்கினால் கிராஃபீன்ஓஎஸ் பார்க்கலாம், அது பாதுகாப்புக்கு முக்கியத்துவம் தரும் ஆண்ட்ராய்டு வகை ஓஎஸ். அதிலும் ஓஎஸ் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு யூசர் புரொஃபைலுக்கும், அதாவது போனுக்குள் பிரித்து வைக்கும் ஒவ்வொரு தனிக் கணக்குக்கும், டேட்டாவைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவி தனித்தனி.