சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம்: சேரும் முன் அலைடு பாடம் என்னவென்று கேளுங்கள்

கேள்வி: எங்களுக்கு மண்டபம் பக்கம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். தங்கை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் குரூப். பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். கிரெடிட், பகுதி 3, பகுதி 5, அலைடு என்று ஒன்றும் புரியவில்லை. பட்டம் கைக்கு வர எதையெல்லாம் முடிக்க வேண்டும்? வேலைக்கு ஆகுமா? கணக்கு படிக்காதது தடையா?

பதில்: தம்பி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எந்த இளங்கலை படித்தாலும் ‘சுற்றுச்சூழல் கல்வி’ என்று ஒரு தாள் வரும். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை ஒட்டி எல்லாப் பட்ட மாணவர்களுக்கும் கட்டாயமான தாள் அது, பி.காம். மாணவரும் எழுதித்தான் ஆகவேண்டும். “எங்க காலேஜ்லயும் அந்த சப்ஜெக்ட் இருக்கே” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தாளைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தங்கை கேட்பது மூன்றாண்டுப் பட்டம். அது எல்லாக் கல்லூரியிலும் கிடையாது.

பட்டத்தின் கணக்கு இப்படி. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் ஆறு செமஸ்டருக்குமாகப் பெரும்பாலும் 140 கிரெடிட், அதாவது ஒவ்வொரு தாளும் தேறத் தேறச் சேரும் புள்ளி. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-ல்தான் முதன்மைப் பாடம், அலைடு (முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம்), விருப்பப்பாடம், ப்ராக்டிகல், ப்ராஜெக்ட் எல்லாம். பகுதி 4-ல் மேலே சொன்ன சுற்றுச்சூழல் கல்வித் தாள், வேறு துறைப் பாடம் ஒன்று, திறன் பாடங்கள். பகுதி 5 என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. அதற்கு ஒரே ஒரு கிரெடிட்தான் இருக்கும். அதை விட்டுவிட்டுக் கடைசி செமஸ்டரில் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்கும் பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கிளாஸ் கணக்கிடுவது பெரும்பாலும் பகுதி 3-ஐ வைத்து என்றாலும், ஐந்து பகுதியும் முடியாமல் பட்டம் வராது. இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75, தேறுவதற்கு 40 என்பது பரவலான முறை. வருகைப்பதிவு 75%. புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போவதானால் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய கட்டமைப்புப்படி மூன்று ஆண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160.

இந்தக் கூட்டல் எல்லாம் தானாக முடிந்துவிடும். யாரும் கேட்காமல் விடுவது அலைடு பாடத்தை. என்னைக் கேட்டால் சேர்வதா வேண்டாமா என்பதை அதை வைத்தே முடிவு செய்வேன்.

காரணம் சொல்கிறேன். இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் எனப்படும் ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். இந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரே இல்லை! காட்டையும் கடலையும் காக்கும் வேலைக்கு அதையே படித்த பிள்ளை தகுதிப் பட்டியலில் தன் பாடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அலைடாக வேதியியலோ தாவரவியலோ விலங்கியலோ மதிப்பெண் பட்டியலில் தெளிவாக இருந்தால் பேச இடமுண்டு. அந்த இடத்தில் கணினிப் பயன்பாடு மட்டும் இருந்தால் கதவு அடைபடலாம். அரசுப் பணி, ஆசிரியர் பணி அறிவிப்புகளிலும் இதே வம்பு வரும். பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை எங்கே என்று கேட்பார்கள். குரூப் 1, குரூப் 2 போல ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற தேர்வுகளில் இந்தத் தொல்லை இல்லை.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தை மனதில் வைத்திருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சுற்றுச்சூழல் அறிவியலாளர் பணிக்கு முதுகலை கேட்கிறார்கள், உதவிப் பொறியாளருக்குப் பொறியியல். ஆக, பி.எஸ்சி.யோடு நிற்கிற படிப்பு இல்லை இது. ஐந்து வருடம் என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். எம்.எஸ்சி. முடித்தால், கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கென்று தாள் வைக்கிறார்கள்.

இன்னொன்று, தங்கை தமிழ் வழியில் படித்தவள். அரசு வேலையில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20% முன்னுரிமையை, 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முதல் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான் தருகிறார்கள். பட்டம் ஆங்கில வழி என்றால் பட்டத் தகுதி வேலைகளில் அந்தச் சலுகை போய்விடும். இந்தப் பாடத்தைத் தமிழ் வழியில் நடத்தும் கல்லூரி கிடைப்பது கடினம். தெரிந்து இழப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

நேராகச் சொல்கிறேன். உருப்படியான ஆய்வுக்கூடத்தோடு இந்தப் பட்டம் எட்டுகிற தூரத்தில் இல்லை என்றால் விலங்கியல், தாவரவியல், வேதியியல் இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழலுக்கோ கடலியலுக்கோ மாறலாம். நஷ்டமில்லை, கதவுகள் கூடுதலாகத் திறந்திருக்கும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை உங்கள் மாவட்டத்துத் தொண்டியிலேயே இருக்கிறது.

இல்லை, இதில்தான் சேர்வாள் என்றால், ப்ராஜெக்டில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ள வசதி சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடையாது. மண்டபத்திலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, கடற்பாசி ஆய்வு செய்யும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கிறது. துறைத்தலைவர் கடிதத்தோடு இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாம் ஆண்டிலேயே எழுதிப்போடச் சொல்லுங்கள்.

தலைப்புதான் கவனம். எல்லாருக்கும் பவளப்பாறை ஆசை வரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. அப்பா படகு இருக்கிறதே என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அனுமதி வந்து சேர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

கடலோரத்துக் கிணற்று நீரின் உப்புத்தன்மை நல்ல தலைப்பு. குளோரைடு அளக்க சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் போதும், செலவும் குறைவு. ஆனால் ப்ராஜெக்ட் ஆறாவது செமஸ்டரில் வருகிறது, அதாவது டிசம்பருக்குப் பிறகு. நம் கடற்கரைக்கு மழை அக்டோபரில் தொடங்கும். மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால் ஐந்தாவது செமஸ்டரில், செப்டம்பரிலேயே, முதல் தண்ணீரை எடுத்திருக்க வேண்டும். இறால் பண்ணைக் கழிவுநீர் என்றால் கரைந்த ஆக்சிஜனைக் கரையிலேயே ரசாயனம் விட்டு நிலைநிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். பி.ஓ.டி. சோதனை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனை அளப்பது) இந்தியத் தரப்படி 27 டிகிரியில் 3 நாள். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அளவு பார்க்க வேண்டிவரும், லேப் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை வைக்கச் சொல்லுங்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக்கிடக்கும். சேர்க்கைச் செலவும் அதே நேரத்தில் வந்து நிற்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். முதல் தவணையைச் சமாளிக்கும் வழியை மார்ச்சிலேயே பாருங்கள். அரசுக் கல்லூரியை முதலில் பார்ப்பது நல்லது, விண்ணப்பம் இணையவழியில்தான்.

கணக்கு? பி.இ. சுற்றுச்சூழல் பொறியியலுக்குத் தடைதான், அங்கே பிளஸ் டூ கணிதம் கட்டாயம். பி.எஸ்சி.க்குப் பல கல்லூரிகளில் தடையில்லை. உள்ளே போனபின் புள்ளியியல் தாள் ஒன்று வரும். சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை அளவில் இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கு தடுமாறாமல் போட்டவள் என்றால் அதுவே போதும்.