மேற்கு வெயிலுக்கு எந்தச் செடி?

மேற்கு வெயில் முழுக்க விழும் இடம், வாரம் ஒருமுறைதான் தண்ணீர், வைத்த ரோஜா மூன்றும் கருகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். ரோஜாவை விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்குக் காகிதப்பூ சரியாக வரும். தண்ணீர் அதிகமானால் அது இலையாகத் தழைக்கும், பூ குறையும். வாரம் ஒருமுறைதான் ஊற்றுவதால் உங்களுக்கு வசதிதானே! அரளியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தையோ ஆடுமாடோ இருந்தால் வேண்டாம். ஓரத்துக்குச் சோற்றுக்கற்றாழை போதும்.

அப்புறம், எந்தச் செடியும் வேர் பிடிக்கும்வரை வறட்சி தாங்காது. முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை, ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். சுற்றிலும் 5 செ.மீ. சருகு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். நடுவதை மழைக்காலத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.